இரண்டடி பின்னால்

குறுந்தறை நாட்டில் அரசரைத் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் மாமன்னர் நிலைபெற்றார் என்பவரே வென்றார். மக்கள் நன்றியுள்ளவர்கள். மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தால் அடுத்த வாரமே அதற்கு நன்றி விழா நடக்கும். விழாவுக்கு வராதவர்களின் வீட்டுக்குக் காவலர்கள் போய், உடம்புக்கு என்ன என்று அன்போடு விசாரிப்பார்கள்.

அந்த நாட்டில் உயிர்க்காப்பு பற்றிப் பழைய சட்டம் ஒன்று இருந்தது. தன் உயிருக்கு ஆபத்து வந்து, தப்பிக்க வேறு வழியே இல்லாதபோது எதிராளியைக் கொன்றவன் குற்றவாளி ஆகமாட்டான். ஆனால் ஆபத்து உண்மைதானா, வேறு வழி நிஜமாகவே இல்லையா என்று நீதிமன்றம் கேட்கும். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால், ஆயுதம் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் யோசித்தே அதை ஓங்கினார்கள்.

ஒருநாள் காவற்படைத் தலைவர் இடிமுழக்கர் சந்தைத் தெருவில் நடந்து வந்தார். செவந்தான் என்ற பாய் வியாபாரி, சுருட்டிய கோரைப்பாயைத் தோளில் சாத்திக்கொண்டு எதிரே முக்குத் திரும்பினான். தலைவர் ஈட்டியை எறிந்தார். செவந்தான் அந்த இடத்திலேயே செத்துப்போனான்.

"அது பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் உள்ளத்தில் அச்சம் எழுந்தது. நான் அதற்குக் கட்டுப்பட்டேன்" என்றார் தலைவர், நீதிமன்றத்தில்.

வேறு வழி இருந்ததா என்று நீதிபதி கேட்பதற்குள், அமைச்சர் சொல்நயனார் அவையில் புதிய சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

"அச்சம் உள்ளத்துக்குள் நிகழ்வது. பிறர் உள்ளத்துக்குள் நுழைந்து பார்க்க நீதிபதிக்கு ஏது அதிகாரம்? அஞ்சியவர் அஞ்சினேன் என்று சொன்னால் போதும். அதைச் சந்தேகிப்பது அவரை இரண்டாம் முறை அச்சுறுத்துவதாகும்" என்று அவர் முழங்கினார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அச்சப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நன்றி விழா நடந்தது.

சட்டம் எல்லோருக்கும் பொது என்று நம்பிய குடிமக்கள் தாங்களும் அஞ்சத் தொடங்கினார்கள். வரப்புத் தகராறில் பங்காளிகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் அஞ்சினார்கள், முந்திக்கொண்டவன் பிழைத்தான். இது மன்னரைக் கவலைக்குள்ளாக்கியது. அஞ்சும் உரிமை இனிமேல் காவலர்களுக்கும் மாளிகைவாசிகளுக்கும் மட்டுமே என்று ஆணை வந்தது.

"இழப்பதற்கு ஏதுமற்றவர்களுக்கு அச்சம் ஒரு வீண் சுமை. அரசு அந்தச் சுமையை இறக்கி வைக்கிறது" என்று அமைச்சர் விளக்கினார். சுமை இறங்கியதற்கும் விழா எடுத்தார்கள்.

அடுத்து, காவலர்களை யாரும் அச்சுறுத்தக் கூடாது என்ற ஆணை. அவர்கள் முன்னால் ஓடக் கூடாது. ஓடாமல் சட்டென்று நிற்கவும் கூடாது. கை இரண்டும் வெளியே தெரிய வேண்டும். நீளமான எதையும் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. கரும்பைத் தரையோடு இழுத்துப் போனார்கள். பாடையை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே சுடுகாடு வரை நடந்தார்கள். அப்படியும் சாவு குறையவில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் "வேறு வழி இல்லை" என்று அறிவிக்கப்பட்டது. மக்களும் மெல்ல மெல்ல அதை நம்பினார்கள். செத்தவர் ஏதோ செய்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள்.

இந்தக் காலத்தில்தான் சடையன் என்பவன் காவற்படையில் சேர்ந்தான். மன்னரின் மீன்களைக் காக்க அவனை ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு நண்பகலில் அவன் கரைமேல் நின்றிருந்தபோது, கீழே கோரைப்புல் படபடவென்று விலகியது. கையில் அரிவாளோடு ஒரு பெண் அலறிக்கொண்டு நேராக அவனை நோக்கி ஓடிவந்தாள்.

சடையன் ஈட்டியை ஓங்கினான். அவன் கை நடுங்கியது. எறியவில்லை. இரண்டடி பின்னால் வைத்து, "ஏம்மா, என்னாச்சு?" என்று கத்தினான்.

"எம் வூட்டுக்காரர் சேத்துல எறங்கீட்டே போறாருங்க! கழுத்துக்கு வந்துருச்சுங்க! ஓடியாங்கண்ணா!"

அவள் பெயர் நாச்சாள். கணவன் பொன்னானோடு கோரை அறுக்க வந்தவள். சடையன் அவளோடு ஓடினான். சேற்றுக்கு மேலே பொன்னானின் தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. சடையன் குப்புறப் படுத்து ஈட்டிக் காம்பை நீட்டினான். பொன்னான் பிடித்துக்கொள்ள, நாச்சாள் சடையனின் காலைப் பிடித்து இழுக்க, வெகுநேரம் போராடி அவனைக் கரையில் போட்டார்கள். மூவரும் சேறும் சிரிப்புமாகக் கிடந்தார்கள். தூரத்து மதகில் நின்ற இன்னொரு காவலன் எல்லாவற்றையும் பார்த்து மேலிடத்தில் சொல்லிவிட்டான்.

மறுநாள் சடையனைச் சிறையில் அடைத்தார்கள். அமைச்சரே நேரில் வந்தார்.

"நீ அஞ்சவில்லை என்று மட்டும் சொல்லிவிடு. அஞ்சாத காவலன் கொல்லாமல் இருப்பது குற்றமன்று. அஞ்சியும் கொல்லாமல் இருப்பதுதான் குற்றம். அது அஞ்சிக் கொன்ற அத்தனை பேரையும் பொய்யராக்கிவிடும். புரிகிறதா?"

"புரியுதுங்க" என்றான் சடையன். அவன் மனைவி முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அமைச்சருக்கு அதுவும் தெரிந்திருந்தது.

பிறகு நாச்சாளும் பொன்னானும் பார்க்க வந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நாச்சாள் அழுதாள். "பயப்படலைன்னே சொல்லிப்போடுங்கண்ணா. பொய்யினா அந்தப் பாவம் எங்க தலைமேல போகட்டும். நீங்க வூட்டுக்குப் போங்க."

சடையன் தலையாட்டினான். அப்படித்தான் சொல்வதென்று முடிவும் செய்துவிட்டான்.

விசாரணையன்று மன்றம் நிரம்பி வழிந்தது. குற்றத்தை எடுத்துரைக்க இடிமுழக்கரே வந்திருந்தார். செத்துப்போன செவந்தானின் மனைவி மாராயி கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சடையனுக்குத் தெரியும். சந்தையில் கணவனின் படத்துக்குப் பதிலாக ஒரு பாயைச் சுவரில் சாத்தி வைத்து, அதற்குப் பூப்போடுகிறவள்.

"நீ அஞ்சினாயா?" என்று நீதிபதி கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் சடையன் வாயைத் திறந்தான். மாராயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயந்தனுங்க" என்றான். "கைகாலெல்லாம் வெடவெடன்னு ஆடுச்சுங்க. இன்னைக்கு நாம செத்தோம்னுதான் நெனச்சேன்."

"பின் ஏன் ஈட்டியை எறியவில்லை?"

"பின்னால எடம் இருந்துச்சுங்க. ரெண்டடி வெச்சேன். அப்பறந்தான் அந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னே காதுல விழுந்துச்சு."

இடிமுழக்கர் துள்ளி எழுந்தார். "பின்வாங்குவது காவலருக்கு அழகா? உன் அச்சத்தை நீயே அவமதித்திருக்கிறாய்!"

"பயம் என்னோடதுங்க. உசுரு அவங்களோடதாச்சுங்களே."

மாராயி எழுந்து நின்றாள். காவற்படைத் தலைவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, சந்தைத் தெருவுல பின்னால எடம் இல்லீங்களா?"

அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். கேள்வி மட்டும் உள்ளேயே நின்றது. நீதிபதி அவசரமாகத் தீர்ப்பு வாசித்தார். சடையன் குற்றவாளி. வேலை பறிக்கப்படுகிறது. அஞ்சும் உரிமையும் ஆயுள் முழுவதற்கும் பறிக்கப்படுகிறது.

அவன் வெளியே வந்தபோது வாசலில் ஊரே நின்றது. யாரும் கோஷம் போடவில்லை. ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொன்னான் காலில் விழப்போக, சடையன் பதறித் தடுத்தான்.

"நான் ஒண்ணும் பெருசா செய்யலீங்க. எறியாம இருந்தேன், அவ்வளவுதான்."

"அதைத்தானுங்க யாரும் செய்யலை" என்றான் பொன்னான்.

மாராயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "நல்லா இருக்கோணும் சாமி" என்றாள்.

சடையன் குறுகிப்போனான். "உங்க வூட்டுக்காரருக்கு நான் ஒண்ணும் பண்ணலீங்களே அக்கா."

"பண்ணீட்டீங்க. அவரு என்ன தப்புப் பண்ணிச் செத்தாரோன்னு நானே இத்தனை நாளா மனசுக்குள்ள அவரைத் திட்டீட்டு இருந்தேன். அவரு ஒண்ணுமே பண்ணலைன்னு இன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது." அவள் அழுதாள். அழும்போதே முகம் தெளிந்தது.

அந்த நாட்டில் ஆணை இல்லாமல் மக்கள் நன்றி சொன்னது அதுவே முதல்முறை. செய்தி அரண்மனைக்குப் போனது. மன்னர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அமைச்சர் தீர்வோடு வந்தார்.

"கோளாறு காவலரிடம் இல்லை, மாமன்னா. அவருக்குப் பின்னாலுள்ள இடத்தில் இருக்கிறது."

அவ்வாறே ஆணை பிறந்தது. நாட்டில் காவலர் நிற்கும் இடந்தோறும் அவர் முதுகை ஒட்டிச் சுவர் எழுப்பப்பட்டது. கல் சுமந்தவர்கள் குடிமக்கள். பின்னால் வைக்க ஓர் அங்குலமும் இல்லாததால், வேறு வழி இல்லை என்பது இனி எந்தக் காலத்திலும் பொய்யாகாது என்று அரசு பெருமையோடு அறிவித்தது. விழாவும் நடந்தது. கூட்டம் குறைவு.

கொஞ்ச நாள் கழித்து, வடக்கு வாசலில் சுவரோடு ஒட்டி நின்ற ஒரு காவலனை நோக்கி, கட்டறுத்த எருமையும் அதைத் துரத்திக்கொண்டு தடியோடு ஓர் ஆளும் ஓடிவந்தார்கள். காவலன் வெலவெலத்துப்போனான். பின்னால் தடவிப் பார்த்தான், சுவர். ஈட்டியைப் பார்த்தான். பிறகு அதைப் பக்கத்தில் சாத்திவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். எருமை ஒரு பக்கமாகவும் ஆள் ஒரு பக்கமாகவும் ஓடிப்போனார்கள்.

காவலர் உட்காருவதைத் தடுக்கும் ஆணையை எப்படி எழுதுவது என்று அவையில் இன்னும் விவாதம் நடக்கிறது. வடக்கு வாசல் பெண்கள் உட்கார்ந்த காவலனுக்கு ஒரு சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் எழுந்திருக்காமலேயே வாங்கிக் குடித்தான்.