அதிகாரி வரும்வரை மரத்தைத் தொட வேண்டாம்

சாய்ந்தமருது,
1979 ஜூலை.

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அப்துல் ஹமீடுக்கு, மூத்த மச்சான் மீராசாஹிபு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இவ்விடம் நானும் உமது ராத்தாவாகிய என் பெண்சாதி ஹவ்வா உம்மாவும் மகள் றுகையாவும் சுகமாக இருக்கிறோம். வீடு மட்டும் சுகமில்லை. அவ்விடம் நீரும் உமது பெண்சாதி பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், உங்கள் கூரை என்றும் உங்கள் தலைக்கு மேலேயே நிலைத்திருக்கவும் துஆச் செய்கிறோம்.

உமது கடிதம் வந்து சேர்ந்தது. இனிமேல் புயலோ வெள்ளமோ வந்தால் அரசாங்கம் அதை எப்படிச் சமாளிக்க வேண்டும், பழைய முறைகளில் எவற்றை மாற்ற வேண்டும் என்று ஆராய ஒரு குழு போட்டிருப்பதாகவும், அதில் நீர் எழுதுவினைஞராக அமர்ந்திருப்பதாகவும், போன நவம்பரில் சூறாவளியை நேரில் கண்டவன் என்பதால் நான் என் யோசனைகளை எழுதி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தீர். குழு கூடும் நாட்களில் கேக்கும் தேத்தண்ணியும் தருவதாகவும் எழுதியிருந்தீர். சந்தோஷம். யோசனை எழுதும் அளவுக்கு நான் படித்தவன் அல்ல, கல்முனைக் கடைத்தெருவில் ஆணியும் தகரமும் விற்கிறவன். என் வீட்டுக்குள் ஒரு மாமரம் படுத்திருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறேன், அதிலிருந்து உமது குழு யோசனையை எடுத்துக்கொள்ளட்டும்.

அந்த வீடு றுகையாவுக்கென்று கட்டியது என்பது உமக்குத் தெரியும். நம் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நிக்காஹ் நடக்காது என்பதும் தெரியும். முத்தலிப் காக்காவின் மகன் காலிதீனுக்குப் பேசி முடித்து, மழைக்காலம் கழிந்ததும் கல்யாணம் என்று வைத்திருந்தோம். அப்போதுதான் ரேடியோவில் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் இருப்பதாகவும் அது வடமேற்கு நோக்கி நகர்வதாகவும் சொன்னார்கள். தாழமுக்கம் என்றால் என்ன என்று பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. "அது கப்பல்காரனுக்குள்ள சங்கதி, நமக்கில்ல" என்று முத்தலிப் காக்கா தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் சமாதானமாகி வீட்டுக்குப் போனோம். ‘இஞ்சாருங்க, காத்து வருகுது, சாமான் சட்டிய எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கி ஓடுங்க’ என்று யாராவது நம்முடைய பாஷையில் சொல்லியிருந்தால் நாங்கள் ஓடியிருப்போம். அது நகர்கிறது என்றார்கள், நகரட்டும் என்று இருந்துவிட்டோம். கடைசியில் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்குள் போய் ஒதுங்கினோம். காற்று ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால் தென்னந்தோப்பெல்லாம் சீப்பால் வாரிவிட்டதுபோல் ஒரே பக்கமாகக் கிடக்கிறது. என் கடையிலிருந்த தகரங்கள் ஒன்றும் இல்லை. ஓடு போட்ட புது வீட்டைப் பிளந்துகொண்டு முற்றத்து மாமரம் ஹோலுக்குள் வந்து படுத்திருக்கிறது.

உயிர் மிஞ்சியது என்று அல்லாஹ்வுக்குச் சுக்ருச் செய்துவிட்டு, அடுத்த வாரமே கோடரியைத் தீட்டிக்கொண்டு மரத்துக்கு முன்னால் நின்றேன். அந்த நேரம் பார்த்து ஜீப்பில் ஓர் உத்தியோகத்தர் வந்து இறங்கினார். பெயர் குணம். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"முதலாளி, மரத்தில கை வைக்காதீங்க" என்றார். "மதிப்பீட்டு அதிகாரி வந்து கண்ணால பார்க்கவேணும். மரத்த எடுத்துப்போட்டா, மரம் விழுந்ததெண்டதுக்கு என்ன சாட்சி?"

"வீட்டப் பாத்தா தெரியாதா சேர்?"

"தெரியும். ஆனா பழைய வீடு தானா இடிஞ்சதெண்டு எழுதிருவாங்க. நஷ்டஈடு கிடைக்காது."

"எப்ப வருவாரு?"

"வந்துருவார்."

நான் கோடரியைக் கீழே வைத்தேன். அரசாங்கம் தொடாதே என்று சொன்னால் தொடாத குடும்பம் நம்முடையது. பக்கத்து வீட்டு மஜீட் மட்டும் இதெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. தன் வீட்டில் விழுந்த மரத்தை அன்றைக்கே துண்டு துண்டாக்கி, விழுந்த தென்னையின் ஓலையைப் பின்னிக் கூரையில் போட்டுவிட்டான். "அவசரக்காரன், ஒரு சதமும் கிடைக்காது பார்" என்று உமது ராத்தாவிடம் சொன்னேன். அவனுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவன் நனையவில்லை.

நாங்கள் நனைந்தோம். மாரி மழை முழுவதும் எங்கள் ஹோலுக்குள்தான் பெய்தது. முதலில் பாடசாலையில் இருந்தோம். பாடசாலை திறக்க வேண்டும் என்று எழுப்பினார்கள். பிறகு ஒரு கூடாரம் தந்தார்கள். அதற்குத் துணி வந்தது, கம்பு அடுத்த லொறியில் வரும் என்றார்கள். கம்பளிப் போர்வை தந்தார்கள், இந்த ஊர் வெக்கையில் அதை ஆட்டுக்குப் போர்த்தினோம், ஆடும் உதறிவிட்டது. கடலோரத்துக்கு டின்மீன் வந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு உடைந்த தோணிகளைப் பார்த்தபடி நின்ற மீனவர்களின் முகத்தை உமது குழுவில் ஒருவராவது பார்த்திருக்க வேண்டும். கடைசியில் வீட்டுக்கே திரும்பி, மரத்தோடு குடியிருக்கப் பழகிக்கொண்டோம். அடுப்படிக்குப் போவதென்றால் அடிமரத்தைத் தாண்ட வேண்டும். உமது ராத்தா இப்போது அம்மியில் அரைக்கப் போகும்போதுகூடப் பழக்கத்தில் சீலையைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிறாள், மரமில்லாத இடத்திலும்.

இடையில் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் சேதம் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. ஊர் நம்பிக்கையோடு காத்திருந்தது. அவர் வருவதற்கு முதல்நாள் ஆட்கள் வந்து, ரோட்டோரத்தில் கிடந்த குப்பை கூளம் எல்லாவற்றையும் அள்ளிப்போனார்கள். நிமிர்ந்து நின்ற சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். என் வீட்டு முன்சுவருக்கும் அடித்தார்கள், வாசலில் வாழைமரம் கட்டினார்கள். பெரியவர் காரை நிறுத்தாமல் போனார். இந்தப் பகுதி நன்றாகத் தேறிவிட்டதாகப் பிறகு நடந்த கூட்டத்தில் பாராட்டினார். பாராட்டைக் கேட்டுக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன், என்ன செய்வது, பக்கத்தில் நின்றவர்கள் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலிதீன் மரம் அறுக்கிற பெரிய வாள் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். "மாமா, நீங்க ஒண்டும் செய்யாதீங்க, நான் அறுக்கிறன்" என்றான்.

"வேணாம் தம்பி. அரசாங்கம் சொல்லியிருக்குது."

"எந்த அரசாங்கம் மாமா? இஞ்ச ஒருத்தரையும் காணல்லையே."

நான் வாளைப் பிடித்துத் தடுத்தேன். வாளைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனான். றுகையா கதவில்லாத வாசல்நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்யாணச் சீலையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, வெயில் வரும்போதெல்லாம் அந்த மரத்தின் கொப்பில்தான் விரித்துக் காயவைக்கிறாள்.

கடைசியாக, போன மாதம், நாங்கள் காத்திருந்த மதிப்பீட்டு அதிகாரி உண்மையிலேயே வந்தார். ஆனால் மச்சான், அதற்குள் மரம் ஒரு காரியம் செய்துவிட்டது. அதன் வேரில் பாதி மண்ணுக்குள் இருந்தபடியால் அது சாகவில்லை. தளிர்த்தது, பூத்தது, ஹோலுக்குள்ளேயே காய்த்தும் விட்டது. அதிகாரி உள்ளே வந்து மேலே பார்த்தார். குலை குலையாகத் தொங்குகிறது.

"இந்த மரம் உயிரோட இருக்கு" என்றார்.

"ஓம் சேர்."

"சூறாவளியில விழுந்த மரமெண்டா இந்நேரம் பட்டிருக்கவேணும். இது காய்ச்சிருக்கு."

"படுத்துக்கிட்டுத்தான் சேர் காய்ச்சிருக்கு."

"அத நான் எழுத ஏலாது. உயிருள்ள மரமெண்டா அது அனர்த்தமில்ல, பயிர்ச்செய்கை. அதுக்கு வேற பகுதி ஆள் வந்து, மரம் விழுந்ததா வளர்ந்ததா எண்டு சொல்லவேணும். அதுவரைக்கும் தொடாதீங்க."

உமது ராத்தா வந்தவருக்குப் பழம் அறுத்துக் கொடுத்தாள். நல்ல இனிப்பு என்றார். வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டுபோனார்.

முந்தாநாள் மாப்பிள்ளையின் உம்மா ஆயிஷா உம்மா வந்திருந்தார். கொப்புக்குக் கீழே பாய் விரித்து இருத்தினோம். சுற்றிவரப் பார்த்துவிட்டு, "ஹவ்வா, நாங்க வீடு கேட்டம். தோட்டம் கேக்கல்ல" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து மகனுக்கு ஒரு நல்ல சம்பந்தம் கேட்டு வந்திருக்கிறதாம். நோன்பு தலைப்பிறைக்கு முந்தி இங்கே கூரை ஏறாவிட்டால் தங்களைக் குறை நினைக்கக் கூடாது என்று சொல்லி எழும்பிப் போனார். போகும்போது அடிமரத்தைத் தாண்ட முடியாமல் தடுமாற, றுகையாதான் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அன்றைக்கு நான் கடையைத் திறக்காமல் உள்ளே இருந்து அழுதேன். இது உமது ராத்தாவுக்குத் தெரியாது, நீர் எழுதும் கடிதத்தில் சொல்லிவிட வேண்டாம். ஊரெல்லாம் என் கடை ஆணியால் கூரை போட்டிருக்கிறது மச்சான். என் பிள்ளையின் தலைக்கு மேலே மாங்காய் தொங்குகிறது.

உமது குழு யோசனை கேட்டதல்லவா, எழுதிக்கொள்ளும். காற்று வருகிறதென்றால் காற்று வருகிறது என்று சொல்லுங்கள். சேதம் பார்க்க வருகிற ஆள் ஒருவராக இருக்கட்டும், பார்த்த அவரே முடிவும் சொல்லட்டும். பெரியவர்கள் வரும்போது சுண்ணாம்பு அடிக்க வேண்டாம். இது ஒன்றும் ஏலாதென்றால், நாங்கள் வரமாட்டோம், உங்கள் பாட்டை நீங்களே பாருங்கள் என்று காற்றடித்த மறுநாளே ஓர் ஆளை அனுப்பிச் சொல்லிவிடுங்கள். அதுவும் பெரிய உதவிதான். மஜீடுக்கு அதை யாரும் சொல்லாமலே விளங்கியது. என்னைப் போன்றவர்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். வருவார் வருவார் என்று சொல்லித்தான் எங்களை இப்படி வைத்திருக்கிறீர்கள். சூறாவளி ஒரே நாளில் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது.

ஆகையால் உமது காலைப் பிடித்துக் கேட்கிறேன். எந்தப் பகுதியாக இருந்தாலும் சரி, உயிருள்ள மரத்துக்கு உரியவரோ செத்த மரத்துக்கு உரியவரோ, ஓர் அதிகாரியைத் தலைப்பிறைக்கு முந்தி இங்கே அனுப்பி, இந்த மரம் விழுந்த மரம்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வையும். அதுவரை நான் அதைத் தொடமாட்டேன், பிறரைத் தொட விடவும் மாட்டேன். இது உறுதி.

உமது பிள்ளைகளுக்கு அல்லாஹ் நீண்ட ஹயாத்தையும் நல்ல படிப்பையும், படித்து முடித்தபின் குழுக்களில் இருக்காத ஒரு தொழிலையும் தந்தருள்வானாக. ராத்தாவும் றுகையாவும் உமக்கும் உமது வீட்டாருக்கும் சலாம் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மச்சான்,
மீராசாஹிபு.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் குழுவில் வாசிக்க வேண்டாம். அதிகாரி எவரையும் அனுப்பவும் வேண்டாம். இதை எழுதி முடித்துத் தபாலுறை வாங்கக் கல்முனைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் வாள் இழுக்கிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், வாளின் ஒரு பக்கத்தில் காலிதீன், மறுபக்கத்தில், அல்லாஹ்வே, முத்தலிப் காக்கா. அடிமரம் மூன்று துண்டாகிவிட்டது. மஜீட் கூரைக்கு வளை மரம் தூக்கிக்கொண்டு வருகிறான். ஆயிஷா உம்மா ஊறுகாய் போட மாங்காய் பொறுக்குகிறார். நான் அந்தப் பக்கம் போனதும், றுகையா தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரே முத்தலிப் காக்காவின் வீட்டு வாசலுக்குப் போய், "மாமா, மரத்த அறுத்துத் தாங்க, கூரைய நாங்க போடுவம். ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க, நான் மஜீட் காக்காவக் கேக்கிறன்" என்றாளாம். மணப்பெண் இப்படிக் கதைக்கலாமா என்று நான் முத்தலிப் காக்காவைப் பார்த்தேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கோடரி எங்க மீராசாஹிபு?" என்று மட்டும் கேட்டார்.

கோடரியை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு கொத்துக் கொத்தியிருப்பேன், ஊர் விதானையார் சைக்கிளில் வந்து இறங்கினார். நாளைக்குக் காலையில் அதிகாரி வருகிறாராம், மரம் கிடந்தபடியே இருக்க வேண்டுமாம். நான் அறுத்த துண்டின் மேலேயே உட்கார்ந்து, இதையெல்லாம் பழையபடி அடுக்கி வைக்க ஏலுமா என்று கேட்டேன். யாரும் வாளை நிறுத்தவில்லை. றுகையா ஓலைக் கிடுகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வரட்டும் வாப்பா. வந்தா ஏணியப் புடிக்கச் சொல்லுவம்."