மச்சானிடம் அம்புமுனை பற்றி ஒரே ஒரு கேள்வி

சால்மன், ஐடஹோ
ஆகஸ்ட் கடைசி

மதிப்புக்குரிய மைத்துனர் ராய்ஸ் டன்லவி அவர்களுக்கு, தங்கள் காலஞ்சென்ற அக்காள் நோர்மாவின் கணவன் வெர்லின் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். அங்கே அரிசோனா வெயிலில் தாங்களும், தாங்கள் புதிதாக வாங்கிய பந்தாட்ட மட்டையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்களை வரச்சொல்லி இதை எழுதவில்லை. குளிர்காலத்திலேயே எல்க் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டு, போன வாரம் தொலைபேசியில், "இந்த வருஷம் நீ மட்டும் மலைக்குப் போயிட்டு வா மச்சான், எனக்கு இங்க போட்டி இருக்கு" என்று தாங்கள் சொன்னதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல். இந்தக் காலத்து வில்லில் வருகிற சக்கரம் கிக்கரம் இல்லாத மரவில்லால் எல்க் மானை எய்கிறவன் அம்பில் ரெண்டு அலகு முனையை மாட்டுவதா, மூன்று அலகு முனையை மாட்டுவதா? பதிலை ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டால் போதும்.

தங்கள் கட்சி எனக்குத் தெரியாததல்ல. ரெண்டு அலகுதான் எலும்பைப் பிளந்துகொண்டு ஆழமாகப் போகும் என்பீர்கள். ஆழமாகப் போய் என்ன, மூன்று அலகு திறக்கிற காயத்தில்தான் ரத்தத்தடம் தெளிவாக விழும் என்பேன் நான். வருடாவருடம் கூடாரத்தில் பீன்ஸ் ஆறிப்போகும்வரை இதே சண்டைதான். வீட்டுக்கு வந்தும் விடமாட்டோம். நோர்மா நம் ரெண்டு பேரையும் நாயோடு சேர்த்து வாசலுக்கு அனுப்புவாள். இப்போது சமையல் மேஜை முழுக்க அரமும் சாணைக்கல்லும் இரும்புத்தூளும்தான், ஏனென்று கேட்க ஆளில்லை. எதிர்த்துப் பேசவும் ஆளில்லாததால் உன் கட்சியையும் நானே பேசவேண்டியிருக்கிறது. அதிலும் பார் மச்சான், உன் கட்சியை நான் ரொம்ப நன்றாகப் பேசித் தொலைக்கிறேன், நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடமே தோற்றுவிட்டேன்.

சரி, கடையில் கேட்போம் என்று வேட்டைச் சாமான் விற்கிற டெனீஸ் கடைக்குப் போனேன். அவள் என் வில்லை விசாரித்துவிட்டு, "இன்னுமா பெரியவரே இதையெல்லாம் தேய்ச்சிக்கிட்டு இருக்கீங்க? பட்டதும் தானா விரியற முனை வந்திருக்கு, அத மாட்டிட்டுப் போவீங்களா" என்றாள். என் மச்சான் காதில் விழுந்தால் கடையையே கொளுத்துவான் என்றேன். "எங்க அவரு, ஆளையே காணோமே?" என்று கேட்டாள். வெயில் காய்கிறார் என்று சொல்லிவிட்டு, தேவையே இல்லாத ஒரு கோந்துக் குச்சியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கூத்து கூர் பார்ப்பதில். கூடாரத்தில் உன் முனையால் என் கை மயிரை மழித்துப் பார்ப்பாய், என் முனையை உன் கையில் நான் பார்ப்பேன். அவனவன் கையில் பார்த்தால் நம்பமாட்டோமே. இப்போது இருப்பது என் கைகள் மட்டும்தானே. இடதுகை மயிர் ஜூலையிலேயே காலி, வலதுகை போன வாரம் முடிந்தது. இந்த மொட்டைக் கைகளோடு தேவாலய விருந்துக்குப் போய்ச் சட்டையை மடித்துவிட்டேன். போதகரின் மனைவி பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் ஊரே பேசியதாம், வெர்லினுக்குப் புற்றுநோய், மருந்து ஏறி மயிரெல்லாம் கொட்டிவிட்டது என்று. அன்றிலிருந்து தினம் ஒருத்தி உருளைக்கிழங்கும் சீஸுமாகச் சுட்டெடுத்த பாத்திரத்தோடு வருகிறாள். கொடுத்துவிட்டுப் போகிறாளா, அதுவும் இல்லை, உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறாள். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுக்கிறேன் ராய்ஸ். சொன்னால் நாளைக்கு யாரும் வரமாட்டார்கள். இன்றைக்குக்கூடச் சொல்லவில்லை. இந்த வீட்டில் சாயங்காலம் ரொம்ப நீளமாக இருக்கிறது.

அது கிடக்கட்டும். எனக்குப் பதில்தான் முக்கியம். தாங்கள் ரெண்டு என்று எழுதினால் நான் மூன்று மாட்டுவேன், அதற்காகத்தான் கேட்கிறேன். தனியாகப் போவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. பொதி குதிரைக்கு அந்தப் பள்ளத்தாக்கு வழி மனப்பாடம், ஆண் எல்க்குகள் ஜோடி தேடி ஊத ஆரம்பித்துவிட்டன என்று ஆடு மேய்க்கிற பாஸ்க் நாட்டு ஆள் சொன்னான், பிறகென்ன.

தங்கள் மகளுக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். பந்தாட்டத்தில் கர்த்தர் தங்களுக்கு வெற்றியைத் தருவாராக. எதிராளிக்குக் கொஞ்சம் அதிகமாகவே தருவாராக.

இப்படிக்கு,
வெர்லின் ஹாஸ்கெட்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். என் வலது தோள் போய்விட்டது மச்சான். வில்லைப் பாதிகூட இழுக்க முடியவில்லை, இனிமேல் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வருடம் நான் சீட்டே வாங்கவில்லை. மேஜைமேல் இருக்கிற அம்புகளெல்லாம் உன் கை நீளத்துக்கு வெட்டியவை. எல்லாவற்றிலும் ரெண்டு அலகுதான் மாட்டியிருக்கிறேன். நான் உன் பின்னால் உட்கார்ந்து எல்க் மாதிரி ஊதி மானை வரவழைக்கிறேன், சமைக்கிறேன், வாயைத் திறக்கமாட்டேன். வந்துடுடா.