மஞ்சள் தண்ணீரில் படித்த இரசாயனம்

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: பிரித்தானிய ஏ-லெவல் பரீட்சைக்கான இரசாயனத்தை நான் படித்தது ஒஸ்லோவில், ரொம்மன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். ஆசிரியர் அப்பா. (ஊரில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் மருத்துவத்தை மயிரிழையில் விட்டவர். அதுவே தனக்குத் தகுதி என்று சொல்லிக்கொண்டார்.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நோர்வேப் பள்ளியில் பொருளியல் எடுத்துத் தொலைத்திருந்ததால் இங்கே மருத்துவம் படிக்க வழியில்லை. ஏ-லெவலில் மூன்று பாடம் நன்றாகச் செய்தால் லண்டனில் இடம் கிடைக்கும் என்று மாமா தொலைபேசியில் சொன்னார். அப்பா அன்றே என்னை டாக்டராக்கிவிட்டார். தனிப் பரீட்சார்த்தியாகப் பதிந்து, இரண்டு வருடம் பழைய வினாத்தாள்களையும் விடைத்திட்டங்களையும் கரைத்துக் குடித்தேன். அமிலத்தில் காரத்தை விட்டு நிறம் மாறும் கணத்தைப் பிடிக்கும் செய்முறைப் பரீட்சையும் ஒன்று இருந்ததுதான் இடித்தது.

அப்பா தயங்கவில்லை. புளிக்கும் தேசிக்காய்ச் சாற்றில் மஞ்சள்தூள் கரைத்து, உடுப்புத் தோய்க்கும் தூள் கலந்த தண்ணீரை இருமல் மருந்துச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார்.

"நல்லாச் சிவக்கோணும் தம்பி. சிவந்தாப் பிறகுதான் நிப்பாட்டோணும்."

மூன்று மாதம் சிவக்க வைத்தேன். அம்மா மஞ்சள் போத்தலை ஒளித்து வைக்கத் தொடங்கினார்.

பரீட்சையன்று பியூரெட் என்ற நீளக் கண்ணாடிக் குழாயை முதன்முதலாகத் தொட்டேன். அங்கே மஞ்சள் இல்லை, வேறு நிறங்காட்டி; குடுவையில் மெல்லிய இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும். விடைத்திட்டத்தில் நூறு தரம் படித்த வரிதான். ஆனால் என் கை அப்பாவின் மாணவன். சிவக்கட்டும், சிவக்கட்டும் என்று விட்டுக்கொண்டே இருந்தேன். குழாயில் இருந்த ஐம்பது மில்லிலீட்டரும் தீர்ந்தது; கத்தரிப்பூ நிறத்துக்கு மேல் ஏறவில்லை. மூன்று முறையும் அதே கதை. ஐம்பது, ஐம்பது, ஐம்பது என்று எழுதிவைத்தேன். கண்காணித்த நோர்வேஜியப் பெண் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மருத்துவம் கைவிட்டுப் போனது. பெறுபேறு வந்த அன்று அப்பா திட்டவில்லை. "பிழை என்னிலைதான்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருடைய மூன்றாவது தரத்தையும் நான் தோற்றுவிட்டேன் என்று குளியலறையில் போய் அழுதேன்.

பிறகு கணக்காளரானேன். சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்கு வேலைக்கு வந்த பெண்ணைக் கட்டினேன். கலியாணத்தில் அவளுடைய அத்தை மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து ஆரத்தித் தட்டை எடுத்துவந்தார். (எங்கள் பக்கத்தில் வாழைப்பழத் துண்டில் திரி கொளுத்துவதுதான் வழக்கம்.) தட்டு குப்பென்று சிவந்திருந்தது. அப்பா சபை நடுவே எழுந்துவந்து குனிந்து பார்த்தார்.

"இந்த நிறத்தைத்தான் தம்பி, அண்டைக்கு எதிர்பாத்தனாங்கள்."

பெண் வீட்டார் அப்பாவை விசாரித்துக் கதையைக் கறந்துவிட்டார்கள். அன்று முதல் மனைவி வீட்டில் எனக்கு 'டாக்டர் மாப்பிள்ளை' என்று பெயர். யார் அப்படிக் கூப்பிட்டாலும் எனக்கு முன்னால் அப்பா திரும்பிப் பார்க்கிறார்.