பிளக்கைப் பிடித்திருந்தவன் எழுதுவது

அன்பு மைத்துனருக்கு,

இங்கே உன் அக்காவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி, அதற்கு மேல் விசாரிக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா மகளுக்கு உன் கம்பெனியில் அவசரமாக ஒரு வேலை பார்க்க வேண்டும். எந்த வேலையானாலும் சரி. பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பதை யாரும் எழுதிக்கொள்ளாத வேலையாக இருந்தால் நல்லது.

அவள்தான் ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாளே என்று நீ கேட்பாய். அந்தப் பயிற்சி போன செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கும் பதினொன்று இருபதுக்கும் இடையில் முடிந்துவிட்டது என்பது என் கணிப்பு. அதில் எனக்கும் பங்கு உண்டு, நீ அனுப்பிய டேப்லெட்டுக்கும் பங்கு உண்டு. யார் பங்கு எவ்வளவு என்று நீயே முடிவு செய்துகொள்ளும்படி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பத்திரிகையில் முப்பத்தொரு வருஷம் மெய்ப்புப் பார்த்தவன் நான். அடுத்தவர் எழுதியதில் பிழை பிடித்தே காலம் தள்ளியவனுக்குச் சொந்தமாக எழுதிப் பழக்கமில்லை. வாக்கியம் நீண்டால் பொறுத்துக்கொள்.

அவர்கள் கல்லூரியில் தொழில்நுட்பத்துக்கென்றே தனியாக ஒரு தாள் உண்டு. புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கம்ப்யூட்டர் அறையில் ஆறு கம்ப்யூட்டர், அதில் இரண்டுதான் எழுந்திருக்கும், அந்த இரண்டில் ஒன்று எழுந்த கையோடு படுத்துவிடும். அதனால் விரிவுரையாளர் மவுஸைக் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறித்தார். இவள் அதைப் பார்த்து வரைந்து, வாலுக்கு நிழல்கூடக் கொடுத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கினாள். அதோடு விட்டிருக்கலாம். பிறகு ஒரு நாள் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த நீங்கள் எவ்வளவு தயார் என்று முப்பது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம். 'பாடத்தின் நடுவே கருவி நின்றுபோனாலும் நான் கலங்கமாட்டேன்' என்பது பதினேழாவது வாக்கியம். மற்றவர்களெல்லாம் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்து, 'ஓரளவு', 'சொல்வதற்கில்லை' என்று போட்டிருக்கிறார்கள். இவளுக்கு நாலு பத்துக்குப் பஸ். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்ற கட்டங்களில் மேலிருந்து கீழே முப்பது டிக்கையும் ஒரே மூச்சில் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

பஸ் கிடைத்தது. ஆனால் அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில், அறுபத்து நாலு பேரில் தயார்நிலை மிக அதிகம் உள்ளவர் என்று இவள் பெயர். ஆகவே மற்றவர்கள் இறுதிப் பாடத்தை அட்டைப் படத்தை வைத்து நடத்திவிட்டுப் போகலாம், இவள் மட்டும் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் கருவியை வைத்து நடத்திக் காட்ட வேண்டும். "டிக் போட்டதுக்குப் பரிசா?" என்று கேட்டேன். "பரிசு இல்லப்பா, தண்டனை" என்றாள். அந்த ஒரு பாடத்துக்கு ஐம்பது மதிப்பெண். தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது, இன்னொரு வருஷம் முதலிலிருந்து. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இவளுக்கென்று ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அதுவும் போய்விடும்.

அப்போதுதான் உனக்குப் போன் செய்தாள். நீ சும்மா இருந்திருக்கலாம். "மாமா இருக்கேன்ல" என்றாயாம். மூன்றாம் நாள் பார்சல் வந்தது. பேசினால் தானே எழுதிக்கொள்ளும் டேப், அதற்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் மைக். அதைப் பார்த்ததும் இவளுக்கு ஒரு யோசனை. ஐந்தாம் வகுப்புக்கு ல, ள, ழ பாடம். பிள்ளைகள் ஒவ்வொருவராக மைக்கில் ஒரு சொல் சொல்ல வேண்டும், எந்திரம் காதில் விழுந்ததைத் திரையில் எழுதும், திரையில் என்ன வருகிறதோ அதை வகுப்பே சேர்ந்து உரக்கப் படிக்க வேண்டும். சரியாக வந்தால் கைதட்டல், தப்பாக வந்தால் மறுபடி. நல்ல யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. வீட்டில் ஒத்திகை பார்த்தோம். வகுப்பு உன் அக்கா, அடுப்படி வாசலில் நின்றாள். "கிளி" என்றாள். எந்திரம் "கிழி" என்று எழுதியது. மறுபடி சொன்னாள், மறுபடி கிழி. "நான் வாயத் திறந்தாலே எதையோ கிழிக்கத்தான் போறேன்னு அதுக்கும் சொல்லி வெச்சிருக்கீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் அந்த எந்திரத்திடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போனது பை தூக்க மட்டுமே. டேப் ஒரு பை, ஒருவேளை அது வேலை செய்யாவிட்டால் என்று இரண்டு இரவு உட்கார்ந்து எழுதிய அட்டைகள் இன்னொரு பை. பாடம் நடத்த ஒதுக்கிய பள்ளியில் 'நவீன வகுப்பறை' என்று பெயர்ப்பலகை போட்ட அறை பூட்டியிருந்தது. தலைமையாசிரியை சாவிக்கொத்தோடு வந்து திறந்தார். உள்ளே புரொஜெக்டர் பிளாஸ்டிக் உறைக்குள், உறைக்கு மேல் ஒரு பூத்துண்டு, துண்டுக்கு மேல் ஒரு அட்டைப்பெட்டி. "ரெண்டு வருஷமா ஒரு கீறல் விழாம வெச்சிருக்கேன்" என்றார். "ஓட விட்டுப் பாத்திருக்கீங்களா மேடம்?" என்று இவள் கேட்டாள். "ஓட விட்டா கீறல் விழாதாம்மா?" என்றார். அந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஜன்னல் ஓரம். புரொஜெக்டர் பிளக்கைச் செருகினால் நிற்காது, கழன்று தொங்கும். அழுத்திப் பிடித்தால் எரியும், விட்டால் அணையும். வாட்ச்மேனைப் பிடிக்கச் சொன்னோம். "எனக்குக் கேட்ல வேலை இருக்கு" என்று கேட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் பிளக்கை அழுத்தினேன். திரையில் வெளிச்சம் வந்தது. உன் அக்கா மகள் என் பக்கத்தில் வந்து குனிந்து, "அப்பா, கைய எடுக்காதீங்க, வாயத் திறக்காதீங்க. ரெண்டே ரெண்டுதான்" என்றாள். இரண்டையும் ஒப்புக்கொண்டேன்.

தேர்வாளர் பத்து முப்பத்தெட்டுக்கு வந்தார். உயரமான மனிதர், கையில் கோப்பு. பிள்ளைகளின் பெஞ்சில் எனக்கு இரண்டடி முன்னால் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார். பாடம் தொடங்கியது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், பிரமாதமாகப் போயிற்று. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒருத்தரையொருத்தர் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி "மழை" என்றாள், திரையில் "மலை" வந்தது. வகுப்பே "மலை" என்று கத்தியது. "டீச்சர், நான் மழைன்னுதான் சொன்னேன், அதுக்குக் காது கேக்கல" என்றாள். "நாக்கு நுனிய மேல மடிச்சு உள்ள இழுத்துச் சொல்லிப் பாரு" என்றாள் இவள். மறுபடி சொன்னாள், "மழை" வந்தது, கைதட்டல். கடைசி பெஞ்சு வாண்டு ஒருவன் "வாழை" என்று சொல்லி "வாலை" வாங்கிக்கொண்டு, தன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். தேர்வாளரே சிரித்தார். கோப்பில் ஏதோ எழுதினார், நல்லதைத்தான் எழுதியிருப்பார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் உனக்கு இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதில்லை. தேர்வாளருக்கு ஆசை வந்துவிட்டது. "எங்க, நானும் ஒண்ணு சொல்லிப் பாக்கறேன்" என்று எழுந்து மைக்கை வாங்கினார். "பழம்" என்று சொல்ல நினைத்தார். திரையில் "பலம்" என்று வந்தது. வகுப்பு "பலம்" என்றது. சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னார், "பள்ளம்" வந்தது. மூன்றாவது தடவை நிதானமாக, பிரித்துப் பிரித்துச் சொன்னார். திரையில் "பணம்" என்று வந்தது. தேர்வாளர் கையில் மைக்கோடு நிற்கிறார், முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அவரைப் பார்த்து "பணம்" என்கிறார்கள். வாசலில் நின்ற தலைமையாசிரியை சுவரைப் பார்த்துக்கொண்டார். மழைக்காரி எழுந்து, "சார், நாக்க மடிச்சு உள்ள இழுங்க சார், எனக்கும் மொதல்ல வரல" என்று தைரியம் சொன்னாள். அவர் "போதும்மா" என்று மைக்கை அணைக்காமல் எனக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மைத்துனா, என் கை பிளக்கில் இருந்தது. கையை எடுக்கவில்லை. வாயைத் திறந்தேனா என்றால், மெய்ப்புப் பார்த்த காலத்திலிருந்தே பிழையைக் கண்டால் எனக்குள் முணுமுணுக்கும் பழக்கம் உண்டு, அது பேச்சில் சேராது. அப்படித்தான் முணுமுணுத்தேன். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: "இவருக்கே ழ வாயில வரல, இவர் என் மகளுக்கு மார்க் போடப் போறாராம்". ஒரு எழுத்துப் பிழை இல்லை. உன் அக்காவின் கிளியைக் கிழித்த எந்திரம், என் முணுமுணுப்பைக் காற்புள்ளி போட்டு எழுதியது. திரையில் வருவதைச் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது விதி அல்லவா. முப்பத்தெட்டுக் குரலும் சேர்ந்து படித்தன. நான் விரலை எடுத்தேன். திரை அணைந்தது, ஆனால் காதில் விழுந்ததை அணைக்க அந்த அறையில் வசதி இல்லை.

உன் அக்கா மகள் என்னைப் பார்க்கவில்லை, தேர்வாளரையும் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "இப்பப் படிச்ச வாக்கியத்துல எத்தனை ல, எத்தனை ள, எத்தனை ழ? திரை இல்லாம எண்ணிச் சொல்லணும்" என்றாள். இதுவும் பாடம்தான் என்று பிள்ளைகள் நம்பிவிட்டன. விரல் விட்டு எண்ணின. "டீச்சர், இன்னொரு தடவை சொன்னாத்தான் கணக்கு வரும்" என்று ஒரு குரல். சொன்னார்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்று மறுபடியும் சொன்னார்கள். ஆகத் தேர்வாளர் அதை மூன்று முறை கேட்டார். ல இரண்டு, ள ஒன்று, ழ ஒன்று. அன்று மூன்று எழுத்தும் ஒன்றாக வந்த வாக்கியம் அது ஒன்றுதான் என்பதை நான் கவனிக்காமல் இல்லை. பிறகு இவள் இரண்டாவது பையிலிருந்து அட்டைகளை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, மீதிப் பன்னிரண்டு நிமிஷத்தையும் பேச்சும் சிரிப்புமாக நடத்தி முடித்தாள். நான் அணைந்த பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேர்வாளர் தலை நிமிராமல் இரண்டு பக்கம் எழுதினார். தலைமையாசிரியை கொடுத்த காபியைத் தொடவில்லை. போகும்போது என் முன்னால் நின்று, "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்றார். "பிளக்" என்றேன்.

இன்றோடு ஐந்து நாள், இவள் என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள். உன் அக்கா இவளுக்கும் சேர்த்துப் பேசுகிறாள். "நாப்பது நிமிஷம் சும்மா உக்காருன்னா ஒரு நாக்காலிகூட உக்காரும்" என்கிறாள். ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்தவுடன் உன் மேலாளரைப் பார்த்துப் பேசு. டேப்பைத் திருப்பி அனுப்புகிறேன், இனி இந்த வீட்டுக்குக் காது உள்ள எதையும் அனுப்பாதே.

உன் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, முணுமுணுக்காத பெற்றோராக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் போன் வந்தது, எடுத்தேன், தேர்வாளர். ஆகையால் நீ வேலை எதுவும் பார்க்க வேண்டாம், இந்தப் பின்குறிப்புக்கு வருவதற்குள் மேலாளரிடம் பேசியிருந்தால் வாபஸ் வாங்கிவிடு. ஐம்பதுக்கு நாற்பத்தாறு. படிவத்தின் முப்பது வாக்கியத்தில் 'கலங்கமாட்டேன்' என்ற பதினேழாவதை நிஜமாகவே செய்து காட்டியவர் இவர் ஒருவர்தான் என்று எழுதியிருக்கிறாராம். அடுத்த மாதம் அந்த அறுபத்து நாலு பேர் முன்னாலும் இதே பாடத்தை நடத்திக் காட்ட வேண்டுமாம், பிளக்குக்கு அவர்களே ஆள் பார்த்துக்கொள்வார்களாம். டேப்பை அனுப்பவில்லை. எல்லாம் சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் இருந்தார். "சார், அஞ்சு நாளா வீட்ல சொல்லிப் பாத்துட்டிருக்கேன், நீங்க எழுத்து தெரிஞ்சவர்னு உங்க பொண்ணு சொல்லிச்சு, கொஞ்சம் கேளுங்க" என்று சொல்லி, "பளம்" என்றார். "இப்ப சரியா?" என்று கேட்டார். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து நாளைக்குத்தான் போடுகிறாராம். "சுத்தமா வந்துடுச்சுங்க" என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான்.