விழாத மகளின் அப்பா

"அப்பா, காஸ்பர் என் கால் மேல நிக்குது."

பஸ் வரத் தாமதம் என்று சொல்வதுபோலத்தான் மீக்கெ இதைச் சொன்னாள். எட்டு வயது. அழவில்லை. பதறியது அவளுடைய அப்பா நோர்பெர்ட்.

காஸ்பர் மட்டக்குதிரைதான். ஆனால் அலமாரியைத் தூக்கி முதுகில் வைத்தாலும் அசராத உடம்பு. நோர்பெர்ட் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார். குதிரை இன்னும் நன்றாக ஊன்றி நின்றது. பின்னால் போய்த் தள்ளினார். வாலால் முகத்தில் ஒன்று வாங்கினார்.

"தோள்ல கை வச்சுத் தள்ளணும்ப்பா." மீக்கெ தானே தள்ளினாள். காஸ்பர் காலைத் தூக்கியது. பூட்ஸைக் கழற்றிப் பார்த்தாள். விரல் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

திடலின் அந்தக் கோடியிலிருந்து குதிரையேற்றப் பயிற்சியாளர் உர்சுலா குரல் கொடுத்தார். "யாருக்கு என்ன ஆச்சு?"

"பூட்ஸை மாட்டு. நொண்டாம நில்லு," என்று மகளின் காதில் சீறிவிட்டு, நோர்பெர்ட் கையை உயர்த்தினார். "எனக்குத்தான்! என் காலை மிதிச்சிடுச்சு!"

காரணம் இருந்தது. நவம்பரில் மார்ட்டின் ஊர்வலம். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் காகித விளக்கோடு பின்னால் வர, சிவப்புப் போர்வை போர்த்திக் காஸ்பர் மேல் முன்னால் போகும் புனித மார்ட்டின் வேடத்துக்கு ஆளை உர்சுலாதான் தன் குதிரையேற்றப் பள்ளியிலிருந்து தேர்ந்தெடுப்பார். போன வருடம் பக்கத்து வீட்டு டீட்மாரின் மகன் ஹென்னோ. அந்தப் படத்தைப் பெரிதாக்கி, நோர்பெர்ட்டின் சமையலறை ஜன்னலுக்கு நேராகத் தெரியும்படி மாட்டிவைத்திருந்தார் டீட்மார். பத்து மாதமாக நோர்பெர்ட்டுக்குக் காலைக் காப்பி இறங்கவில்லை. இந்த வருடம் என் மகள்தான் என்று, தான் வேலை பார்க்கும் ஓடு கடையின் முதலாளிவரை சொல்லியாகிவிட்டது. அவர் குடும்பத்தோடு பார்க்க வருகிறார்.

"யார் யார் விழறாங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்றேன்," என்று மட்டும் உர்சுலா சொல்லியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நோர்பெர்ட் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் வழக்கமல்ல, தெரிந்ததாக வைத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆகவே மீக்கெ மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது.

"அப்பா, உர்சுலா என்ன சொன்னாங்கன்னா..."

"நீ சும்மா இரு. அப்பாவுக்கு எல்லாம் தெரியும்."

அடுத்த சனிக்கிழமை நொண்டிக்கொண்டே வந்தார்.

"ஏம்ப்பா நோர்பெர்ட்," என்றார் டீட்மார், வேலியில் சாய்ந்தபடி. "போன வாரம் இடது கால் இல்ல?"

"வலி மாறிடுச்சு."

"வலிக்குக்கூட உன் கால்ல ஒரே இடத்துல நிக்கப் பிடிக்கல பாரு!"

பதில் சொல்வதற்குள் மீக்கெ கையை உதறினாள். கேரட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டாமல் விரலால் பிடித்து நீட்டியிருந்தாள். காஸ்பர் விரலையும் சேர்த்து ருசி பார்த்துவிட்டது. லேசான கடி.

"என்னை! என்னைத்தான் கடிச்சிடுச்சு!" என்று நோர்பெர்ட் கத்தினார்.

"கடின்னா உடனே கழுவணும். காட்டுங்க," என்று உர்சுலா மருந்துப் பெட்டியோடு வந்தார்.

காட்டக் கையில் ஒன்றுமில்லையே! "முதல்ல சோப்பு போட்டுட்டு வரேன்," என்று குழாயடிப் பக்கம் ஓடி, தடுப்புக்குப் பின்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு தன் விரலைத் தானே நறுக்கென்று கடித்தார். அவசரத்தில் அளவு தெரியவில்லை. ரத்தம் வந்துவிட்டது.

உர்சுலா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காஸ்பருக்கு இவ்வளவு சின்னப் பல்லா?"

"முன்னாடி பல்லு," என்றார் நோர்பெர்ட்.

"ம்." உர்சுலா கட்டுப் போட்டார். அந்த 'ம்' நோர்பெர்ட்டுக்குப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் மீக்கெ விழுந்தே விட்டாள். குதிரை திரும்பியது, அவள் திரும்பவில்லை. மணலில் உட்கார்ந்து சிரித்தாள். சுற்றியிருந்த பிள்ளைகள், "கேக்! கேக்!" என்று கத்தினார்கள். விழுந்தவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும், அங்கே அதுதான் பழக்கம்.

உர்சுலா லாயத்துக்குள் வேறொரு சேணம் எடுக்கப் போயிருந்தார். நோர்பெர்ட் வேலியைத் தாண்டினார். மகளைத் தூக்கித் தள்ளி நிறுத்தி, மணலைத் தட்டிவிட்டு, தான் அந்த இடத்தில் உட்காரப் போனார். அப்போது ஒரு யோசனை: சேணத்தில் தன் உடம்பின் தடம் இருந்தால் இன்னும் நம்பும்படி இருக்குமே! ஏறினார். ஏறிய வேகத்திலேயே அந்தப் பக்கம் போய் விழுந்தார்.

"இது எப்ப நடந்தது?" என்று லாயத்திலிருந்து திரும்பி வந்த உர்சுலா கேட்டார்.

"நான்தான் விழுந்தேன்," என்றார் நோர்பெர்ட், மணலைத் துப்பியபடி. அந்த மாதத்தில் அவர் சொன்ன முதல் உண்மை.

"இவ்வளவு ஆசை இருக்கிறவர் முறையா கத்துக்கலாமே! அடுத்த வாரத்துலேருந்து சின்னப் பிள்ளைங்க வகுப்புல சேர்ந்துடுங்க."

மாட்டேன் என்றால் குட்டு உடையும். ஆறு வயதுக் குழந்தைகள் வரிசையில், முழங்கால் காதைத் தொட, நோர்பெர்ட் காஸ்பர் மேல் உட்கார்ந்தார். விழுந்தார். வாராவாரம் விழுந்தார். ஒருமுறை குதிரை நின்றுகொண்டிருந்தபோதே விழுந்தார். பேக்கரியிலிருந்து செர்ரி கேக், சீஸ் கேக், கிரீம் கேக் என்று பெரிது பெரிதாக வாங்கிவந்தார். இடையில் மீக்கெ விழுந்ததும் அவர் கணக்கிலேயே சேர்ந்தது. பார்த்த பிள்ளைகள் யாரும் வாயைத் திறக்கவில்லை. வாய் நிறையக் கேக் இருந்தது.

"அப்பா, ஒரே ஒரு விஷயம் சொல்லணும்..."

"ஊர்வலம் முடியட்டும்டா கண்ணு."

இடுப்பில் பெல்ட், விரலில் கட்டு, நெற்றியில் பிளாஸ்திரி. இருந்தாலும் நோர்பெர்ட் முகத்தில் திருப்தி. மகளின் பெயரில் ஒரு விழுதல்கூட இல்லை. டீட்மாரின் மகனோ இந்த வருடமும் இரண்டு கேக் கொண்டுவந்துவிட்டான். அவனைப் பார்த்து நோர்பெர்ட் பரிதாபமாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

கடைசிப் பயிற்சி நாள். பெற்றோர் வேலியோரம் நின்றார்கள். உர்சுலா சிவப்புப் போர்வையைக் கையில் போட்டுக்கொண்டு வந்தார். நோர்பெர்ட் மகளை முன்னால் தள்ளினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "என் பொண்ணு ஒரு தடவைகூட விழுந்ததில்ல!"

"தெரியும். பாவம்," என்றார் உர்சுலா.

மீக்கெயைத் தாண்டினார். ஹென்னோவையும் தாண்டினார். போர்வையை உதறி, நோர்பெர்ட்டின் தோளில் போட்டு, கழுத்தில் முடிச்சையும் போட்டார். மகளுக்கு அளவு பார்க்கிறார் போலும் என்று நோர்பெர்ட் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஹென்னோ வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"வாழ்த்துகள் அங்கிள்! அதிகமா விழுந்து எழுந்தவங்களுக்குத்தான் மார்ட்டின் வேஷம்னாலும், போன வருஷம் நான் மூணு கேக்குலயே ஆயிட்டேன், நீங்க ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?"