இரண்டு பிரேக் வைத்த கார்

என்றைக்கும் மரியாதை குறையாத அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் சௌக்கியம், வீடும் சௌக்கியம். நீ அனுப்பி வைத்த உன் பழைய கார் மட்டும் இடது பக்கக் கண்ணாடி இல்லாமல் நிற்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன், அதுவரை கோபப்படாமல் படி. அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் சொல்வதை விட்டுவிட்டுக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ "சரி, வச்சிடவா?" என்பாய். கடிதத்தில் அப்படிச் சொல்ல முடியாது பார்.

நீ சொன்னபடியே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். "உனக்கு ஓட்டத் தெரியும்னு ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது, முதல்லேர்ந்து கத்துக்கற மாதிரி கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுகிற ஆட்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். தெரிந்ததைத் தெரியாத மாதிரி காட்டுகிற பாடு எனக்குத்தான் தெரியும். கால் தானாகவே கிளட்ச்சைப் பதமாக விடுகிறது. அதை அடக்கி, வண்டியைக் குலுக்கி, நடுரோட்டில் அணைத்துவிட்டு, "ஐயோ, என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும். இன்னும் நன்றாகத் தப்பு பண்ண வேண்டுமே என்று ஒருநாள் நம் வாசலில் உன் காரை எடுத்துத் தப்பாக ஓட்டிப் பழகினேன். அது நிஜமாகவே கேட்டில் இடித்துவிட்டது. கண்ணாடி போன கதை அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஊரில் "மெதுவா" என்று பேர். ஆள் வாட்டசாட்டம், தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, தும்ம ஆரம்பித்தால் நிற்காது. ஸ்கூல் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். என் பக்கத்துப் பிரேக்கைவிட அவர் பக்கத்தது தேய்ந்திருக்கிறது. "மெதுவா... மெதுவா... அந்தக் கோழி போகட்டும். அதுக்கு என்ன அவசரமோ." பின்னால் வந்த சைக்கிள்காரர் எங்களைத் தாண்டும்போது, "அண்ணே, நான் முன்னாடி போறேன், நீங்க பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்க!" என்று கத்திவிட்டுப் போனார். இவர் அதற்கும் கையை ஆட்டிச் சிரித்தார். நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இவர் கண் பரிசோதனைக்கு வந்தபோதும் இப்படித்தான். பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னால், "மேலேர்ந்து வர்றேன், அவசரமில்லையே?" என்றார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாக வந்தது.

அண்ணா, இந்த இடத்தில் நீ கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படி. ஒருநாள் காலை நான் ஏறி உட்கார்ந்ததும், "இன்னிக்கு என்ன, முகம் வாடியிருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார், வண்டியை எடுக்கச் சொல்லவில்லை. கடையில் நாள் முழுக்க நான் அடுத்தவர் கண்ணைப் பார்க்கிறேன், "இது தெளிவா, முந்தினது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். என் முகத்தைப் பார்க்க இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு ஆவதில்லை. வகுப்பு கிடையாது. வாரிய தலையைக் கலைத்து மறுபடி வாரிக்கொண்டு திங்கட்கிழமைக்காக உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று நீ சிரிப்பாய். நானும் சிரித்துப் பார்த்தேன், போகவில்லை.

என்னோடு சேர்ந்த தையற்காரர், மருந்துக்கடைக்காரர் மனைவி எல்லாரும் பாஸ் பண்ணிப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும், "ரிவர்ஸ் இன்னும் வரல, அடுத்த மாசம் பாக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போனார். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன். போன வியாழக்கிழமை வந்தது வினை. மரக்கடையிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாகவே தெருவுக்குள் வந்துவிட்டது. இவர் பிரேக்கை மிதித்து உறைந்துபோனார். எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. "காலை எடுங்க!" என்று அதட்டினேன், ரிவர்ஸ் போட்டேன், ஒரே மூச்சில் பின்னால் ஓடி, சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவே வண்டியைச் சொருகி நிறுத்தினேன். லாரி போன பிறகு அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரிவர்ஸ் வந்துடுச்சு" என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இனிமே சொல்லிக்கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. அடுத்த வாரம் டெஸ்ட்டுக்குப் போயிடலாம்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். உங்களிடம் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை, உங்கள் பக்கத்தில் உட்காரத்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால், எங்கே ஓட்டப் பழகினீர்கள் என்று கேட்பார். அப்பா கதை வெளியே வரும். பொழுது சாய்ந்தால் அப்பாவுக்குத் தெரு தெரியாது. வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் தெரியும், வைத்தியத்தில் ஒரு குறை கிடையாது. ஆனால் "கண் தெரியாத டாக்டர்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவர் நடுங்கியது உனக்கும் தெரியும். நீ ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாய். நோயாளி வீட்டுக்கு முந்தின திருப்பம் வரை நான் ஓட்டுவேன். அங்கே இடம் மாறி உட்காருவோம். மிச்ச தூரம் அப்பா முதல் கியரில் உருட்ட, நான் பல்லிடுக்கில் "நேரா, நேரா, நிறுத்துங்க" என்பேன். "டிரைவர்கூட வச்சுக்காம தானே ஓட்டிட்டு வர்றாரு பாருங்க" என்று ஊரே மெச்சும். எனக்கு வரன் வந்தபோதெல்லாம் "பொண்ணுக்கு இப்ப இஷ்டமில்ல" என்று அப்பா சொல்லி அனுப்பினார். பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் வண்டி ஓட்ட ஆள் வேண்டுமே. நான் அப்பாவைக் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன், கொஞ்சம் சொல்கிறேன்.

அப்பா போன அன்றைக்கு நீ என் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கினாய். இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல்லிக்கொள்ள அனுமதி கொடு. நீ கூடாது என்றால் வாயைத் திறக்க மாட்டேன். டெஸ்ட்டை முடித்துவிட்டு, காரை உன்னிடமே அனுப்பிவிட்டு, பழையபடி கடைக்கு நடந்து போவேன். மற்றபடி அவருக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது, நீயாக எதையும் கற்பனை பண்ணிக்கொள்ளாதே.

அண்ணியிடம் என் அன்பைச் சொல். பிள்ளைகள் நல்ல கண்ணும் நல்ல மனசுமாக வளரட்டும். தபால்காரர் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு,

உன் தங்கை.

பின்குறிப்பு: மேலே எழுதினது ஒன்றையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. கவரை ஒட்டுவதற்குள் வாசலில் ஹாரன் கேட்டது. "மெதுவா"தான். கையில் ஒரு பக்கக் கண்ணாடியும் திருப்புளியும். "கேட்டு வழியா பாத்தேன், கண்ணாடி இல்லாம நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு உன் காருக்கு மாட்ட ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "டாக்டர் வண்டியில இந்தப் பக்கம் கண்ணாடியே கிடையாது. அப்பவே நல்லா ஓட்டுவீங்க" என்றார்.

நான் ஒட்டாத கவரோடு படி இறங்கி வந்தேன்.

"எங்கம்மாவுக்கு ஒருநாள் ரொம்ப முடியாமப் போச்சு. டாக்டருக்கு வழி காட்டுன்னு என்னை முக்குல நிக்க வச்சாங்க. நீங்க இடம் மாறினதைப் பாத்தேன். இருட்டுற நேரத்துல அவ்வளவு அழகா ஓட்டி நான் பாத்ததே இல்ல. அம்மா பொழைச்சுக்கிட்டாங்க."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொல்ல என்ன இருக்கு? உங்க வீட்டு விஷயம்."

"அப்புறம் எதுக்கு இத்தனை மாசம் எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

இறுகிப்போன ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே பதில் சொன்னார். "ரிவர்ஸ் வந்துடுச்சுன்னு சொன்னா நீங்க போயிடுவீங்கள்ல. வியாழக்கிழமை நீங்களே வேஷத்தைக் கலைச்சிட்டீங்க. சரி, இவங்களுக்குப் போதும்னு ஆயிடுச்சுபோலன்னு நினைச்சேன்."

போதவில்லை என்று சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் தும்ம ஆரம்பித்துவிட்டார்.

ஆகவே அனுமதி வேண்டாம், பதிலும் எழுதாதே. டெஸ்ட் முடிந்த கையோடு இரண்டு பேரும் உன் காரிலேயே அங்கே வருகிறோம். ஓட்டப்போவது நான். உன் காரில் அவர் பக்கம் பிரேக் கிடையாதே என்றேன். "பரவால்ல, நீங்க ஓட்டுங்க" என்றார். வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். உன் தெரு முக்கில் நிறுத்தி இடம் மாற மாட்டேன், அண்ணா. உன் வாசல் வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு வருவேன். வெளி விளக்கைப் போட்டு வை, அக்கம்பக்கத்தாரும் பார்க்கட்டும்.