சத்தம் வராத விசில்

தூங்குவதில் கெட்டிக்காரர்கள் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்கள். தூக்கத்துக்குள்ளேயே அதிகாரம் பண்ணிய ஒரே மனிதர் எங்கள் உத்திரமேரூர் ‘கனவு கண்டக்டர்’தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்குக் கணக்கு எழுதப் போய்வந்த தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். கனவை இஷ்டத்துக்கு நடத்தக் கற்றுக்கொண்டதாக அலட்டிக்கொள்வார்.

“ராத்திரி நம்ம பஸ்ஸ பாலாத்து மேல பறக்க வுட்டேன் சார். மொதலாளி படியில தொங்கிக்கினு வந்தாரு. டிக்கெட் வாங்க வெச்சிட்டோம்ல!”

“கனவுன்னு எப்படிய்யா தெரியுது?”

“விசில் ஊதுவேன். கனவுல சத்தம் வராது. வரலன்னா அப்பால நம்ம ராஜ்ஜியம்தான்!”

கனவில் ஊதும் பழக்கம் வர, பகலிலும் சும்மா சும்மா ஊதிப் பார்க்க வேண்டுமாம். ஒரு விசிலுக்கு நிறுத்து, இரண்டுக்குக் கிளப்பு என்பதுதான் டிரைவருக்குத் தெரிந்த ஒரே வேதம். ஆகவே எங்கள் பஸ் எருமைகூட ஏறாத இடத்திலெல்லாம் நின்றது. “பேஜாரு புடிச்ச ஆளுய்யா” என்று டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார். விஷயம் முதலாளி காதுக்குப் போயிற்று. இன்னொரு புகார் வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்றார். கண்டக்டருக்கு மூன்று பெண்கள். அந்தச் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

முதலாளியும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் ஏறினால் முன்சீட்டில் இருப்பவர் எழுந்து நிற்க வேண்டும். யாரும் போடாத சட்டம், ஆனால் யாரும் மீறியதில்லை.

ஒரு நாள் காலை முன்சீட்டில் நடவுக்குப் போகும் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு. வழியில் முதலாளி ஏறினார். அவள் பதறி எழுந்தாள். கண்டக்டர் பஸ்ஸைக் கிளப்ப விசில் ஊதினார். சத்தம் இல்லை. மறுபடி ஊதினார். வெறும் காற்று. விசிலையும் வறுத்த வேர்க்கடலையையும் ஒரே பாக்கெட்டில் போட்டுவைக்கும் மேதை அவர். உள்ளே கடலைத் தோல் அடைத்துக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. முகத்தில் ராஜகளை வந்துவிட்டது.

“நீ ஒக்காரும்மா. யோவ் மொதலாளி, டிக்கெட் எடு! கொயந்தக்காரி நிக்கணும், நீ காலு நீட்டிக்கினு வரணுமா?”

“இன்னாடா, கனவு கினவு கண்டுகினு கீறியா?” என்றார் முதலாளி.

“ஆமா! இப்ப பறக்கப்போறேன் பாரு!”

படியிலிருந்து கைகளை விரித்துப் பாய்ந்தவர், சாலையோரச் சேற்று வயலில் குப்புற விழுந்தார். விழுந்த வேகத்தில் கடலைத் தோல் தெறித்திருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து, சந்தேகத்தோடு ஊதினார். கிர்ர்! நம்ப முடியாமல் மறுபடி ஊதினார். கிர்ர்! இரண்டு விசில் ஆயிற்று. டிரைவர் கடமை தவறாதவர். அவரைச் சேற்றிலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. மற்ற நாங்கள் அத்தனை பேரும் தூங்குவதுபோல் நடித்தோம். முதலாளி வாலாஜாபாத் வரை நின்றுகொண்டேதான் வந்தார்.

வேலை அன்றே போயிற்று. அப்புறம் பஸ் ஸ்டாண்டில் அதே வேர்க்கடலையை வறுத்து விற்றார்.

“விசிலை வேற பாக்கெட்ல வெச்சிருக்கக் கூடாதாய்யா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வுடு சார். கனவுலகூட அந்தாளு அவ்ளோ தூரம் நின்னதில்ல” என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எப்போதாவது என் கனவில் அந்த பஸ் வருகிறது. படியில் நின்றுகொண்டு கன்னம் உப்ப விசில் ஊதுகிறார், சத்தம் வருவதில்லை. ஒரே ஒரு முறை வந்துவிடாதா என்று இருக்கிறது.